ஆச்சியும் என் நன்னிமாவும்

மதரசாவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருத்தி, திரைப்பட நடிகை ஒருவரைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டு வாசக சகோதரிகளுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். என்னை எழுதத் தூண்டியது திரைப்பட மோகம் அன்று. என் வகுப்பறையில் நிகழ்ந்த ஒரு தவறே இதற்குக் காரணம். அத்தவற்றைச் செய்தவர்களுள் நானும் ஒருத்தி.

வேங்கிக்காலில் எங்கள் மக்தப் நாள்தோறும் அஸருக்குப் பின் தொடங்கும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கு அமைந்த பின்னர் ஊர் பெருகிற்று. ஊர் பெருகியதும் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களும் பெருகினர். என்னிடம் ஓதும் பிள்ளைகளில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. உருது வீட்டுச் சிறுமி ஒருத்திக்குப் பத்து வயதிருக்கும். அவள் தாய் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துக் குடும்பத்தைக் காப்பவர்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, வகுப்பு தொடங்கி அரைமணி நேரம் கழித்து அச்சிறுமி வந்தாள். தாயும் உடன் வந்து வாசலில் நின்றார். ஈரக் கைகளை முந்தானையில் துடைத்தவாறே, "பொண்ணு இன்னிக்கு லேட்டா வந்தான். திட்டாதீங்க ஆலிமா. தண்ணி புடிச்சு வச்சிட்டு வந்தான்" என்று சொல்லிவிட்டுச் சென்றார்.

அவர் தெருமுனை திரும்பியிருப்பார். முன் வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, துப்பட்டாவை முக்காடாக இழுத்து விட்டுக்கொண்டு, கைகளைத் துடைப்பது போலப் பாவனை செய்து, "பொண்ணு வந்தான், பொண்ணு போனான், பொண்ணு ஓதினான்" என்றாள். வகுப்பே அதிர்ந்து சிரித்தது. எழுந்து அவளைக் கண்டிக்க வேண்டிய நானும் சிரித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு சிரித்தேன், ஆயினும் சிரித்தேன்.

அத்தாயின் மகளும் சிரித்தாள். எல்லாரும் சிரிக்கையில் தான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் மேலும் தனித்துப் போய்விடுவோம் என்று அஞ்சிய சிரிப்பு அது. மறுநாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை.

அந்த வாரம் நாங்கள் ஓதிக்கொண்டிருந்தது அல்ஹுஜுராத் அத்தியாயம். ஒருவரை ஒருவர் பரிகசிப்பதைத் தடுத்து, பெண்களும் பெண்களைப் பரிகசிக்கலாகாது என்பதைத் தனியே எடுத்துரைக்கும் அத்தியாயம் அது. பிள்ளைகள் அதைத் தடையின்றி ஒப்பித்தனர். நானும் பொருள் கூறியிருந்தேன். ஒப்பித்த நாவும் பொருள் கூறிய நாவும் ஒருசேரத் தோற்றன.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மர்ஹூமாகிவிட்ட என் நன்னிமா நினைவுக்கு வந்தார். அவரை நினைக்கும்போதெல்லாம் கூடவே வந்து நிற்கும் இன்னொரு பெண்ணும் நினைவுக்கு வந்தார். நாடெல்லாம் ஆச்சி என்று அழைத்த நடிகை மனோரமாவே அவர்.

வாசற்படியில் அமர்ந்து பார்த்தவர்

என் நன்னிமா இளம் வயதில் கணவரை இழந்தவர். பிறர் வீடுகளில் அரைத்தும் இடித்தும், கலியாண வீடுகளில் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்தும் என் தாயையும் இரண்டு மாமாக்களையும் வளர்த்தார். இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். வாய் மட்டும் ஓயாது. பள்ளிவாசல் முத்தவல்லி நடப்பது, காய்கறிக்காரர் கூவுவது, புது மணப்பெண் மாமியாரைக் கண்டதும் முக்காடு இழுப்பது, இவையெல்லாம் அவர் உடம்பில் வந்து இறங்கும். அவர் இருக்கும் சமையற்கூடத்தில் வெங்காயத்தால் வழியும் கண்ணீரையும் சிரிப்பால் வழியும் கண்ணீரையும் பிரித்தறிய இயலாது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது ஒரே வீட்டில்தான். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருடைய வீடு அது. ஞாயிறு மாலை தூர்தர்ஷனில் தமிழ்ப்படம் போடுவார்கள். கூடத்தில் தெருப்பிள்ளைகள் அமர்ந்திருப்போம். எவ்வளவு அழைத்தாலும் நன்னிமா உள்ளே வரமாட்டார், வாசற்படியிலேயே அமர்ந்துகொள்வார். மஃரிப் பாங்கு கேட்டதும் எழுந்து போய்த் தொழுதுவிட்டுத் திரும்புவார். இடையில் ஓடிய கதையை நான் சொல்லியாக வேண்டும்.

அப்படி ஒரு ஞாயிறன்று பார்த்த படம், ஏ.வி.எம். நிறுவனத்துக்காக விசு இயக்கி 1986ஆம் ஆண்டு வெளிவந்த 'சம்சாரம் அது மின்சாரம்'. அதில் வீட்டு வேலைக்காரி கண்ணம்மாவாக மனோரமா நடித்திருந்தார். குடும்பத்துச் சிக்கலுக்கு நடுவே கண்ணம்மாவின் வாய்த்துடுக்குப் புகுந்து புறப்படும்போது கூடமே குலுங்கிற்று. நன்னிமாவும் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் மெல்லச் சொன்னார்:

"இவ வேலைக்காரியா நடிக்கலடி. வேலை பாத்தவ. முந்தானையச் செருகுற செருகலப் பாரு. அதெல்லாம் யாரும் சொல்லிக் குடுத்து வராது."

"சினிமாக்காரங்க பணக்காரங்க நன்னிமா. அவங்க எதுக்குப் பாத்திரம் தேய்க்கப் போறாங்க?" என்றேன்.

"உனக்கு என்னா தெரியும்?" என்று சொல்லி வெற்றிலையை மடித்தார்.

நன்னிமா எழுத்தறியாதவர். நான் தபால் வழியில் பி.ஏ. படித்த காலத்தில், நூலகத்தில் வார இதழ் ஒன்றைப் புரட்டியபோது மனோரமாவின் வாழ்க்கைக் குறிப்பு கண்ணில் பட்டது. படித்ததும் அவ்விதழை மேசைமேல் வைத்துவிட்டுச் சிறிது நேரம் அசையாமல் அமர்ந்திருந்தேன். நன்னிமா அப்போது உயிருடன் இல்லை.

வீட்டு வேலையிலிருந்து நாடக மேடைக்கு

மனோரமா 1937ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் மன்னார்குடியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. தந்தை கைவிட்டுவிட, தாய் இராமாமிர்தம் கைக்குழந்தையுடன் காரைக்குடியை அடுத்த பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் வேலை செய்து மகளை வளர்த்தார். தாய் நோய்வாய்ப்பட்டபோது, சிறுமி கோபிசாந்தா பள்ளிக்கூடத்தை விட்டுத் தானும் வீட்டு வேலைக்குப் போனார். வாசற்படியில் அமர்ந்திருந்த என் நன்னிமா முந்தானையின் செருகலில் கண்டுகொண்டது இதைத்தான்.

பன்னிரண்டாம் வயதில் நாடகத்தில் நடிக்கும் வாய்ப்பு வந்தது. 'அந்தமான் காதலி' என்னும் நாடகத்தில் நடித்தபோது, நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக் கலைஞர் தியாகராஜனும் அவருக்கு மனோரமா என்று பெயர் சூட்டினர். பின்னர் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராக நடித்தார். நாடக உலகைச் சேர்ந்த ஒருவரை 1954இல் மணந்தார். இரண்டே ஆண்டுகளில் அம்மணம் முறிந்தது. கையில் ஓர் ஆண் குழந்தை எஞ்சிற்று. தாய்க்கு நேர்ந்ததே மகளுக்கும் நேர்ந்தது. அதே தாய் பேரனை மடியில் வாங்கிக்கொள்ள, மகள் மீண்டும் மேடையேறினார்.

திரைப்படத்துக்கு அவரை அழைத்து வந்தவர் கவிஞர் கண்ணதாசன். 1958ஆம் ஆண்டு வெளிவந்த 'மாலையிட்ட மங்கை' படத்தில் அவருக்குக் கிடைத்தது நகைச்சுவை வேடம். மேடையில் நாயகியாக நடித்து வந்த இருபது வயதுப் பெண்ணுக்கு இது கசந்திருக்கும். நாயகியாகவே நடித்தால் நான்கைந்து ஆண்டுகளில் திரையுலகம் மறந்துவிடும், நகைச்சுவையும் துணை வேடங்களும் ஏற்றால் நெடுங்காலம் நிலைக்கலாம் என்று கண்ணதாசன் தமக்கு எடுத்துரைத்ததைப் பிற்காலத்தில் மனோரமா நன்றியுடன் நினைவுகூர்வார்.

1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'கொஞ்சும் குமரி'யில் நாயகியாகவும் நடித்தார். எனினும் அந்தப் பாதை நீளவில்லை. நீளாததே தமிழர்க்கு நன்மையாயிற்று. அன்று நாயகிகளாக இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓய்ந்த பின்னரும் அவர் நடித்துக்கொண்டிருந்தார்.

சீமையிலும் ஒருவர்

இவ்வகைப் பெண்கள் நம் நாட்டில் மட்டும் இருந்தார்கள் என்று எண்ணவேண்டாம். இங்கிலாந்தில் மார்கரெட் ரூதர்ஃபோர்டு என்றொரு நடிகை இருந்தார். 1892இல் பிறந்தவர். பியானோவும் பேச்சுக் கலையும் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியையாகக் காலம் கழித்தவர், முப்பத்து மூன்றாம் வயதில்தான் மேடையேறினார். நாயகிக்கு உரியவை என்று நாடக உலகம் கருதிய முகமோ உடல்வாகோ அவருக்கு இல்லை. தொங்கும் தாடையையும் அகன்ற உடலையும் மறைக்க முயலாமல் அவற்றையே தம் கலைக்குக் கருவியாக்கினார். அகதா கிறிஸ்டியின் கதைகளில் வரும் துப்பறியும் முதியவளான மிஸ் மார்ப்பிளாக 1961 முதல் 1964 வரை நான்கு படங்களில் நடித்தார். 1963இல் வந்த படம் ஒன்றுக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றபோது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார்.

நம் தமிழிலும் மனோரமாவுக்கு முன்னரே என்.எஸ்.கிருஷ்ணனின் துணைவியார் டி.ஏ.மதுரம், டி.பி.முத்துலட்சுமி, எம்.சரோஜா முதலியோர் நகைச்சுவையில் பேர் பெற்றிருந்தனர். அழகியாக மட்டுமே இருக்கப் பெண்ணை அனுமதித்த தொழிலில், சிரிக்க வைப்பவளாகவும் அவள் இருக்கலாம் என்று நிலைநாட்டியவர்கள் இவர்கள்.

அவருக்கு வாய்த்த நாவு

மனோரமாவைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டுவது அவருடைய நாவு. பிறந்தது காவிரிக் கரையில், வளர்ந்தது செட்டிநாட்டில். ஆனால் 1968இல் வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைக் குப்பத்துத் தமிழில் அவரே ஒரு பாட்டைப் பாடினார். கேட்டவர்கள் அவரைச் சென்னையின் சந்து ஒன்றில் பிறந்தவர் என்றே நம்பினர். கொங்குத் தமிழ், தஞ்சைத் தமிழ், ஐயர் வீட்டுத் தமிழ் என எந்த வட்டாரத்துப் பேச்சு வேண்டுமோ அது அவர் வாயில் உயிருடன் வந்தது. ஆச்சி என்னும் பட்டமும் செட்டிநாட்டுப் பெண்களை மதிப்புடன் அழைக்கும் சொல்லே. பெரிய வீட்டு ஆச்சிமார்களிடம் வேலை செய்த பெண்ணின் மகளை, பின்னாளில் நாடே ஆச்சி என்று அழைத்தது.

அதே 1968இல்தான் ஏ.பி.நாகராசனின் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. சிவாஜி கணேசன், பத்மினி, பாலையா, நாகேஷ் என்று மேதைகள் நிறைந்த படம். அதில் ஜில்ஜில் ரமாமணி என்னும் நாடகக்காரி வேடம் மனோரமாவுக்கு. பெரும் கலைஞர்களுக்கு நடுவே தாம் நிற்க முடியுமா என்று அவர் தயங்கியதாகவும், இயக்குநரே ஊக்கமூட்டியதாகவும் சொல்வர். ஊர் ஊராகச் சென்று ஆடிப் பாடிப் பிழைக்கும் பெண் ரமாமணி. பேச்சில் பகட்டு, உடையில் பகட்டு. முதலில் நமக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் அப்பகட்டுக்குள் ஓர் ஏக்கம் இருக்கிறது. ஊர் கைதட்டும், ஆனால் மதிக்காது என்பதை அறிந்தவளின் ஏக்கம் அது. யாரேனும் ஒருவர் தன்னை மனுஷியாக மதித்துவிட்டால் போதும், அவள் முகம் மாறிவிடுகிறது. அதே நாடக மேடையில் பிழைத்தவருக்கு அந்த முகமாற்றத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்திராது.

அதன்பின் அவர் ஏறிய படிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். நாகேஷுடனும் சோவுடனும் இணைந்து எத்தனையோ படங்கள். இந்தியில் மெஹ்மூதுடன் 1974இல் 'குன்வாரா பாப்'. 1989இல் வந்த பார்த்திபனின் 'புதிய பாதை' அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. 'சின்னத் தம்பி'யில் மகனுக்காக அவமானம் தாங்கும் விதவைத் தாய். 'சின்னக் கவுண்டர்' படத்தில் பல் துருத்திய கிராமத்துக் கிழவி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் என்று கின்னஸ் நூலில் இடம் பெற்றார். அண்ணா, கலைஞர் ஆகியோருடன் மேடையிலும், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திரத்தின் என்.டி.ராமராவ் ஆகியோருடன் திரையிலும் நடித்ததால், ஐந்து முதலமைச்சர்களுடன் நடித்தவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. 2002இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2015ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் இரவு சென்னையில் காலமானார்.

சிரிப்பில் இரண்டு

இனி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். அவர் நடித்த படங்கள் எல்லாம் நம் வீட்டுக் கூடத்துக்கு ஏற்றவை என்று நான் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் நிறத்தையும் பருமனையும் கேலிப்பொருளாக்கும் தமிழ்த் திரைப்பட வழக்கம் அவரையும் விட்டு வைக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக நடித்தவருக்கு எல்லா வேடங்களையும் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்திருக்காது.

அதே திரைப்பட உலகம் நம் சமுதாயத்துக்குச் செய்ததையும் மறக்கக்கூடாது. எத்தனை படங்களில் ஒரு பாய் தோன்றி, 'நம்பள்', 'நிம்பள்' என்று பேசிவிட்டு மறைந்திருக்கிறார்! அவருக்கு வீடில்லை, மனைவி மக்கள் இல்லை, துயரமும் இல்லை. ஓர் உச்சரிப்பைத் தவிர அவரிடம் வேறொன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் அந்த உச்சரிப்புக்காகக் கேலி செய்யப்பட்டதை இந்த இதழைப் படிப்போரில் பலர் அறிவார்கள். அந்தக் கேலியால் புண்பட்ட நாமே, வேங்கிக்காலில் ஒரு மக்தபுக்குள் அமர்ந்துகொண்டு, நம் சகோதரி ஒருத்தியின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தோம்.

மனோரமாவின் கண்ணம்மாவும் கொச்சைத் தமிழ்தான் பேசினாள். இருந்தும் அவளைக் கண்டு என் நன்னிமா புண்படவில்லையே, ஏன்? அந்தப் பாய் பாத்திரத்தில் உச்சரிப்பு மட்டும் இருந்தது. கண்ணம்மாவிடம் ஒரு முழு மனுஷி இருந்தாள். அவளுக்குக் கோபம் உண்டு, தந்திரம் உண்டு, வேலை செய்யும் வீட்டின் மீது உரிமை உண்டு. பெரிய மனிதரையும் எதிர்த்துப் பேசுவாள். கூடத்தில் இருந்தவர்கள் அவளைக் கண்டு சிரிக்கவில்லை. அவளோடு சேர்ந்து, அவள் யாரை மடக்கினாளோ அவரைக் கண்டு சிரித்தார்கள். வேலைக்காரியைத் தொலைவிலிருந்து பார்த்து நடித்தால் கேலி வரும். அவளாக வாழ்ந்திருந்தால் கண்ணம்மா வருவாள்.

இந்த வேறுபாட்டை எனக்கு முதலில் உணர்த்தியவர் என் நன்னிமாதான். நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் ஒருநாள் சோற்றுத் தூக்கை மறந்துவிட்டுப் பள்ளி சென்றேன். நண்பகலில் நன்னிமா அதை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். வந்து, எல்லார் முன்னிலையிலும் என்னைக் கொஞ்சிவிட்டுத் திரும்பினார். அவர் முதுகு திரும்பியதும் பையன் ஒருவன் அவரைப் போலவே காலை இழுத்து நடந்து காட்டினான். எல்லாரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். நன்னிமா திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மாலை வீட்டுக்குள் நுழையவே அச்சமாக இருந்தது. நன்னிமாவோ அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, "அந்தப் பய நடந்தது சரியில்ல. எடது காலு எங்க, அவன் வலது காலையில்ல இழுத்தான்! நான் நடக்கறேன் பாரு" என்று சொல்லி, தம் நடையைத் தாமே மிகைப்படுத்தி முற்றத்தைச் சுற்றி வந்தார். நான் சிரித்தேன், பின் அழுதேன். என்னை மடியில் இழுத்துக்கொண்டு சொன்னார்:

"என் கால வச்சு நான் சிரிக்க வச்சா சிரிப்பு என் கையில இருக்குது. அவன் சிரிக்க வச்சா அவன் கையில போயிடுது. அவ்ளோதான்டி வித்தியாசம். நீ அழுவாத."

துருத்திய பல்லை வைத்துக்கொண்டு 'சின்னக் கவுண்டர்' படத்தில் தோன்றிய மனோரமாவைப் பின்னாளில் கண்டபோது எனக்கு நன்னிமாவின் இந்தச் சொற்களே நினைவுக்கு வந்தன. கணவர் பிரிந்தபோதும், நாயகி வாய்ப்பு நீளாதபோதும் ஊர் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கும். அந்தச் சிரிப்பைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டு, அதைக் கொண்டே தாயையும் மகனையும் காத்தார்.

முஆஃபி கேட்கப் போனேன்

நான்காம் நாள் அஸருக்கு முன்னதாகவே அச்சிறுமியின் வீட்டைத் தேடிச் சென்றேன். ஏரிப்பக்கம் ஓர் ஒற்றை அறை வீடு. தாய் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சோற்றுத் தட்டின் முன் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, பாயை உதறி விரித்தார். சிறுமி கதவின் பின்னால் நின்றுகொண்டாள்.

வழி நெடுக ஒரு சொற்றொடரை மனப்பாடம் செய்துகொண்டே சென்றிருந்தேன். அவருடைய மொழியிலேயே மன்னிப்புக் கேட்பதுதான் முறை என்று தோன்றிற்று. அரபியும் தமிழும் அறிந்த எனக்கு உருது அரைகுறை. ஆயினும் துணிந்து, "மைன் முஆஃபி மாங்னே ஆயா ஹூன்" என்றேன்.

ஒரு கணம் அமைதி. பிறகு கதவின் பின்னாலிருந்து சிறுமியின் சிரிப்பு வெடித்தது. தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிறுமிதான் வெளியே வந்து விளக்கினாள்: "ஆலிமா, 'ஆயா'ன்னா ஆம்பள சொல்றது. பொம்பள 'ஆயி'ன்னு சொல்லணும். நீங்க 'வந்தான்'னு சொல்லிட்டீங்க!"

அத்தாய் செய்த அதே பிழையை, அவர் மொழியில், அவர் வீட்டில் நின்றுகொண்டு நான் செய்திருந்தேன். சகோதரிகளே, அந்த வீட்டில் அன்று நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பை என்னால் எழுதிக் காட்ட முடியாது. தாய் எழுந்து, தோளை நிமிர்த்தி, மூக்கின்மேல் இல்லாத கண்ணாடியை விரலால் ஏற்றிவிட்டுக்கொண்டு, "மைன் ஆயா ஹூன்" என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டினார். நான் எப்படி நிற்கிறேன், எப்படிக் கண்ணாடியை ஏற்றுகிறேன் என்பதெல்லாம் அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அடுப்படியில் நின்று முத்தவல்லியை நடித்துக் காட்டிய என் நன்னிமாவை மீண்டும் பார்த்தது போல் இருந்தது.

பிறகு தமிழில், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மகள் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம தமிழ் அப்படித்தான் ஆலிமா. வேலை செய்யற வீட்லயும் சிரிப்பாங்க. அதுக்கு நான் அழறதில்ல. பொண்ணு அழுதான், அதுதான்" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை சிறுமி என் கையைப் பிடித்துக்கொண்டு மக்தபுக்கு வந்தாள். வகுப்பில் என் உருதுப் பிழையை நானே சொன்னேன். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அதன்பின், முன்னர் நாம் யாரைப் பார்த்துச் சிரித்தோம், அப்போது நானும் எப்படிச் சிரித்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். துப்பட்டாவை இழுத்து நடித்துக் காட்டிய பிள்ளை தலைகுனிந்தாள். அவளை நான் தண்டிக்கவில்லை. பிறரைப் பார்த்து அப்படியே பேசிக் காட்டும் திறமை அல்லாஹ் அளித்த கொடையே. மனோரமாவுக்கும் அது இருந்தது. என் நன்னிமாவுக்கும் இருந்தது. அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைத்தான் அவள் கற்க வேண்டும். "அடுத்த முறை யாரையேனும் நடித்துக் காட்டவேண்டும் என்று தோன்றினால் என்னை நடித்துக் காட்டு, என் எதிரிலேயே காட்டு" என்றேன்.

மறுவாரமே காட்டினாள். கண்ணாடியை ஏற்றி, தொண்டையைச் செருமி, "பாடத்தைத் திருப்புங்கள்" என்றாள். ஏரிக்கரை வீட்டுச் சிறுமி எல்லாரையும் விட உரக்கச் சிரித்தாள்.